கடைசிப் பதக்கம்

கன்னியப்பன் ஓஸ் குழாயை அண்டாவுக்குள் விட்டுவிட்டு, மேடைக்குப் பின்னால் தொங்கிய படுதாவின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்தார்.

பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பிள்ளையாக மேடையேறி வந்தது. மடத்தின் சந்நிதானம்தான் பல்கலைக்கழகத்துக்கும் வேந்தர். பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, நெற்றியில் கட்டைவிரலால் திருநீறு பூசிவிட்டார். கீழே பெற்றவர்கள் கை வலிக்கத் தட்டினார்கள்.

வேல்விழியின் முறை கடைசி.

"நான்தாம்ப்பா பஸ்ட் மார்க்கு. அதான் கடைசியா கூப்புடுவாங்களாம்" என்று நேற்று சொன்னாள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணப் பந்தியில் பாயசம் கடைசியில்தானே வருகிறது.

பெற்ற பெண் தங்கப் பதக்கம் வாங்கப் போகிறாள். அதை இங்கே ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவள் அம்மா வந்திருந்தால் அவளாவது சொல்லிக்கொண்டிருப்பாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி கேன்டீனில் அவளுக்கு லீவுதான் கிடைக்கவில்லை.

நாலு வருஷமாக இந்தக் காம்பவுண்டுக்குள் அவர் யாரோ, வேல்விழி யாரோ. மணிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். இறங்கியதும் அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவாள். அவர் ஒரு பீடி பிடித்துவிட்டுப் பின்னால் போவார்.

அது அவர் செய்த ஏற்பாடு. மடைப்பள்ளிக்கும் பூசைக்கும் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அவர் பொறுப்பில் இருந்தது. 'என்ன ஆளுங்க'ன்னு எவனாவது கேட்டால் காது கேட்காதது மாதிரி இரு என்று சொல்லித்தான் காண்டிராக்டர் அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டான். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. ஆனால் வேல்விழி சாதிச் சான்றிதழ் கொடுத்து உதவித்தொகையில் படிக்கிறவள். அவள் யாரென்று ஆபீஸுக்கே தெரியும். அவள் ஒரு தடவை 'அப்பா' என்று கூப்பிட்டுவிட்டால் மோட்டார் ரூம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மேடைக்குப் பின்னால் நாலு பக்கமும் தட்டி வைத்து மறைத்து, உள்ளே ஓர் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி இன்று காலையில் உத்தரவு வந்தபோது, அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மகளைப் பார்க்க இதைவிடப் பக்கத்தில் இடம் கிடைக்குமா?

மடத்து மேனேஜர் தாண்டவராயன் வேர்க்க விறுவிறுக்க வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"ரொம்பிச்சா? இன்னும் ஒரே ஒரு பொண்ணுதான் பாக்கி."

"வெயிலுக்குக் குளிக்கிறாரா சாமி?" என்று கன்னியப்பன் கேட்டார்.

"வெயிலாவது ஒண்ணாவது. இப்ப வர்றது காலனிப் பொண்ணுய்யா. பேப்பர்காரன் போட்டோ புடிக்கிறான், தொடாம வுட்டா நாறிடும். நடுவுல கூப்புட்டா நடுவுல எழுந்து போயி தலைக்கு ஊத்திக்கணும். அதான் கடைசில தள்ளிட்டோம்."

தன் ஆளிடம் சொல்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னார்.

கன்னியப்பன் திரும்பி இடுக்கில் கண்ணை வைத்தார். சாதி மத வித்தியாசம் பாராத நம் பல்கலைக்கழகம் என்று மைக்கில் ஓர் அம்மாள் உருகிக்கொண்டிருந்தாள். அடுத்து வேல்விழியின் பெயர்.

பார்க்காமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. பெற்ற மனசு கேட்கவில்லை, பார்த்தார். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியில் அவள் குனிந்தாள். சந்நிதானம் சிரித்த முகத்தோடு அவள் நெற்றியைத் தொட்டார். பளிச் பளிச்சென்று கேமராக்கள் மின்னின. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அது அடங்குவதற்குள் சந்நிதானம் பின்பக்கப் படியால் இறங்கி, யாரையும் பார்க்காமல் தட்டி மறைப்புக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே செம்பு மோதுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன.

கன்னியப்பன் வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். இது மட்டும் பிள்ளைக்குத் தெரியவே கூடாது, சாமி.

மேடையைச் சுற்றிக்கொண்டு வேல்விழி வந்தாள். தோழிகள் யாரும் உடன் இல்லை. கழுத்தில் பதக்கம் இருந்தது. நெற்றியில் திருநீறு இல்லை. தோல் சிவக்கிற அளவுக்கு அழுத்தித் துடைத்திருந்தாள்.

வழக்கம்போலக் கண்டும் காணாமல் போய்விடுவாள் என்றுதான் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போகவில்லை. அவர் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். அது போகிற வழியைப் பார்த்தாள். உள்ளே யார் குளிக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"அப்பா, ஒன்ன யாரு இங்க நிக்கச் சொன்னது?"

அழுகையில் அவள் குரல் உடைந்தது. அவளுக்கு முன்பே எல்லாம் தெரியும். முதல் மார்க் என்பதால்தான் கடைசி என்று அவள் சொன்னது அவருக்காகச் சொன்ன கதை.

தட்டி மறைப்புக்கு வெளியே காவல் நின்ற தாண்டவராயன் சட்டென்று திரும்பினார். அவளைப் பார்த்தார், கன்னியப்பனைப் பார்த்தார். நாலு வருஷமாக மடைப்பள்ளிக்கும் பூசைக்கும் போன தண்ணீரெல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"தண்ணி போதலை" என்று உள்ளேயிருந்து சந்நிதானத்தின் குரல் கேட்டது.

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் யாரும் இல்லை. கன்னியப்பனின் காதருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நாளைலேர்ந்து வேலைக்கு வராத. இப்ப தண்ணியத் தொறந்து வுடு."