முழுக்கோடு உள்பக்கம்

"ரன்வேக்குப் போற வழியில குறுக்கே நாலு மஞ்சக் கோடு போட்டிருக்கும். எதுக்கு?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார் கேப்டன். விமானப் பயிற்சிப் பள்ளியில் தலை நரைக்கும்வரை பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் குரலில் இஸ்திரி கலையவில்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ரெண்டு முழுக்கோடு, ரெண்டு விட்டு விட்டுப் போட்ட கோடு சார். நம்ம பக்கம் முழுக்கோடு இருந்தா நின்னுடணும், கண்ட்ரோல் டவர் சொல்லாம தாண்டக் கூடாது. விட்டு விட்டுப் போட்டது நம்ம பக்கம் இருந்தா நிக்காம தாண்டி வந்துடலாம்."

"குட். உக்காருங்க."

கதவோரம் குந்தியிருந்த பெயின்டருக்கு வாய் நமநமவென்றது. கட்டின பெண்டாட்டியை 'உக்காருங்க' என்கிற புருஷனை, அவர் சுண்ணாம்பு அடித்த எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

"என்னக்கா, வீட்டுக்காரரைப் போய் சார்ங்கிறீங்க?"

"பாடம் நடக்கறப்ப அவரு சார்தான்."

"இந்த வயசுல ப்ளேன் ஓட்டப் போறீங்களாக்கும்?"

"ஏன், நான் ஓட்டினா வரமாட்டேன்னா சொல்லும் அது?"

பெயின்டரை அவள் வரவழைத்ததும் அந்தப் பாடத்துக்காகத்தான். வாசற்படிக்கு உள்ளே, சுவருக்குச் சுவர், விமான நிலையத்தில் இருப்பது போலவே நாலு மஞ்சள் கோடு வேண்டும். பெயின்டர் சொன்ன கூலிக்கு மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள். பேரம் பேசாத ஆளைக் கண்டால் தொழில்காரனுக்குச் சந்தேகம் வரும். ஒன்று ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லை அவசரம் கழுத்துவரை ஏறியிருக்க வேண்டும். இவள் ஏமாளியாகத் தெரியவில்லை.

"அக்கா, கதவுல தாழ்ப்பாள் பிஞ்சு தொங்குதே. கோட்டை அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல கார்பெண்டரைக் கூப்பிடுங்க."

"கார்பெண்டர் வந்து வந்து அலுத்துப் போயிட்டார். நீங்க கோட்டைப் போடுங்க."

பெயின்டர் டேப்பை ஒட்டி அளவு பார்த்தார். முழுக்கோடு இரண்டையும் கதவுப் பக்கம் வைத்தார். வருகிறவர்கள் கண்ணுக்கு அதுதானே லட்சணம்?

அவள் பாய்ந்து வந்து டேப்பைப் பிய்த்தெடுத்தாள். "ஐயோ, மாத்திட்டீங்களே! முழுக்கோடு உள்பக்கம் வரணும். போன வாரமே ஒரு தடவை தவற விட்டுட்டேன். இன்னொரு தடவைன்னா நான் தாங்க மாட்டேன்."

பரீட்சைப் பயம் யாரைத்தான் விட்டது என்று பெயின்டருக்குப் பாவமாக இருந்தது. "சரிக்கா, கண்ணைத் தொடைங்க. அப்போ உள்ள வர்றவனுக்குத் தடையில்ல, வெளிய போறவனுக்குத்தான் தடை. அப்படித்தானே? எங்க மாமியார் வீட்டுல இதுக்கு நேர் எதிர்."

அவள் சிரிக்கவில்லை.

"இங்க கவனிங்க!" என்றது உள்ளேயிருந்து குரல். "கண்ணால பாத்துப் பறக்கறவங்க மேகத்துக்குள்ள நுழையலாமா?"

"கூடாது சார். கீழ ஆறு, பாலம், தண்ணித் தொட்டின்னு அடையாளம் பாத்துக்கிட்டே போகணும்."

"எந்த அடையாளமும் பிடிபடலன்னா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெக்கப்படாம டவரைக் கூப்பிட்டு, வழி தவறிட்டேன்னு சொல்லிடணும் சார்."

"குட். ரன்வேக்குப் போற வழியில குறுக்கே நாலு மஞ்சக் கோடு போட்டிருக்கும். எதுக்கு?"

அவள் மறுபடி எழுந்து நின்று, முதல் தடவை கேட்பது போலவே முழுசாகப் பதில் சொன்னாள். பெயின்ட் அடித்து முடிவதற்குள் அதே கேள்வி இன்னும் இரண்டு முறை வந்துவிட்டது. கடைசித் தடவை பெயின்டரே முந்திக்கொண்டு ஒப்பித்துவிட்டு, "எனக்கும் ஒரு லைசென்ஸ் போட்டுக் குடுத்துடுங்க சார்!" என்றார்.

மின்விசிறியை வாசலுக்கு இழுத்து வந்து, கோடுகள் காயும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. பெயின்டரை ஓரமாக நிற்கச் சொன்னாள்.

சொல்லிவைத்தாற்போல் கேப்டன் எழுந்தார். ஷூ மாட்டி, காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். அவள் தடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முழுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஷூ நின்றது. தாழ்ப்பாள் பிய்ந்த கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் தள்ளினால் தெரு. கேப்டன் தள்ளவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். 'பாஸாயிட்டீங்களாக்கா?' என்று கேட்க வாயெடுத்த பெயின்டர், அவள் முகத்தைப் பார்த்ததும் பிரஷைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

கேப்டன் கோட்டைத் தாண்டாமல் அவள் பக்கம் திரும்பினார். அந்நியப் பெண்ணிடம் பேசும் அதே மரியாதையுடன், தணிந்த குரலில் சொன்னார்:

"டவர்ல கொஞ்சம் சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கம்மா. வீட்டுல என் சம்சாரம் சாப்பிடாம உக்காந்திருப்பா."