குருத்தோலை தின்ற ஆடு

ஆடும் கழுதையும் வாய்விட்டுப் பேசின காலத்திலே, ஒரு வேதக்கோயில் கொட்டகையில் அவை ரெண்டும் இருந்துச்சாம். கிறிஸ்தவர்கள் ஓலை ஏந்திப் பவனி போகும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், கழுதை மூன்று மேடு ஏறி இறங்கி ஓலை சுமந்து வந்தது. அது அசந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆடு அத்தனையையும் தின்றுவிட்டது.

"கத்திராதீங்கண்ணே!" என்று கெஞ்சியது ஆடு. "பீடத்துப் பூவைத் தின்னப்பவே கோயில் கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்க. இன்னொரு தப்புன்னா கறிக்கடைதானாம்."

"பகல் பூரா நடந்தேன். முதுகெல்லாம் புண்ணு. கத்தத்தான் போறேன்."

கழுதை வாயைத் திறந்தது. அந்நேரம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தண்ணீர் வாளியோடு நொண்டி நொண்டி வந்தார். போன மழைக்காலத்தில் அவர் முழங்காலை உடைத்தது இந்தக் கழுதையின் உதைதான். வாளியை வாசலருகே நின்ற கழுதையின் முன்னால் வைத்தார்; உள்ளே ஓலை கிடந்த இடத்தை அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப நடந்துட்டியேடா," என்று கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, நொண்டியபடியே திரும்பிப் போனார்.

கழுதை அந்த நொண்டும் காலையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு பாதியைக் குடித்துவிட்டு, வாளியை மூக்கால் ஆட்டின் பக்கம் தள்ளியது.

"தோப்புல இன்னும் ஓலை வெட்டிக் கிடக்கு. விடியறதுக்குள்ள கொண்டு வந்துடலாம். பாதி நீ சுமக்கணும்."

"மன்னிச்சுட்டீங்களாண்ணே?"

"தெரியல. கால் வலிக்குது. வழியில தின்னுடாதே."

"ஒரே ஒரு கொழுந்து?"

கழுதை மேட்டில் ஏறியது. ஆடு வாயை இறுக மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தது.