அழுகுணி ஆட்டம்

“காயை நகர்த்து, சம்பூரணம்.”

“மாட்டேன்னு சொல்றேன்ல.”

“சிவப்புதான் முதல்ல பாலத்தை அடிக்கணும். முதல் நகர்த்தல் மட்டும் சண்டை அன்னிக்கு நடந்தபடியே இருக்கணும்னு விதி. அப்புறம்தான் நம்ம இஷ்டம்.”

“சிவப்பு இன்னிக்கு வரலை. அங்க மழைன்னு வச்சுக்குங்க.”

“நடந்தது தெரிஞ்சுக்கிட்டு ஆடினா அது அழுகுணி ஆட்டம்.”

“யாரு அழுகுணி? எதிரி பக்கம் நான் ஆடுறேன்னு கேட்டப்ப சிரிச்சீங்களே, எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க? சரி, உங்க கையில என்ன? திறங்க.”

தணிகாசலம் கையைத் திறந்தார். பாலத்தருகே நிற்க வேண்டிய பச்சைக் காய் வியர்வையில் நனைந்து கிடந்தது. எல்லைச் சண்டையின் முதல் நாள் அந்தப் பாலத்தில் நின்றவர்களில் அவர்கள் மகன் குணாளனும் ஒருவன். யாரும் திரும்பவில்லை. அந்தச் சண்டையைத்தான் இப்போது விளையாட்டாக்கி அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

“ஒரே ஒரு கட்டம் பின்னால வச்சுக்கறேன். அடி விழட்டும், அங்க ஆள் இல்லாம விழட்டும்.”

“பாலத்தைக் காலியா விடுவாங்களா? வேற யாரையாவது நிறுத்துவாங்க. அது யார் பெத்த பிள்ளை?”

அவர் பச்சைக் காயைத் துடைத்து, பாலத்தருகே வைத்தார். சம்பூரணம் சிவப்புக் காயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தணிகாசலம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சரி, நீ அடிக்க வேண்டாம். அப்படீன்னா, அவனுக்கு எப்ப லீவு கிடைக்கும்?”