தேள் பற்றிய காது

எவ்வுயிர்க்கும் உள்ளுயிராய் நிற்கும் இறைவன் திருவடி போற்றி.

கடுங்கோடையிலும் வற்றாதிருந்த ஒரே சுனையை, தனக்கே உரியதென்று ஒரு யானை மறித்து நின்றது. தாகத்தால் வாடிய சிற்றுயிர்கள் எல்லாம், கடிப்பதில்லை, கொட்டுவதில்லை என்று உறுதி பூண்டு அதன் முன்னே அமர்ந்தன.

யானை ஒரு காலைத் தூக்கியவாறே தேளை நோக்கி நகைத்தது: "என்ன தேளாரே, கொடுக்கை எறும்புக்குத் தானம் செய்துவிட்டீரோ? ஒருமுறை கொட்டிப் பாரும். எல்லாரையும் மிதிக்க எனக்கொரு காரணம் கிடைக்கும்."

தேளின் வால் துடித்தது. அருகிருந்த முயல், "அண்ணா, கோபத்தில் எதையாவது பிடிக்க வேண்டுமானால் என் காது இருக்கிறது" என்றது. தேள் முன்கைகளால் அக்காதை இறுகப் பற்றிக்கொண்டது. முயலின் கண்ணில் நீர் வழிந்தது; ஆயினும் அது உதறவில்லை. ஒருவரும் அசையவில்லை.

உயர்த்திய கால் கடுத்தது. தீங்கு செய்யாதவர்மேல் அதை வைக்க யானைக்கு மனம் வரவில்லை, பின்னே வைத்தது. பிறகு மற்றக் கால்களையும் பின்னே எடுத்தது. வழி திறந்தது.

"அண்ணா, இனியாவது காதை விடுங்கள்; நானும் நீர் குடிக்க வேண்டாமா?" என்றது முயல்.

யானைக்கும் இடம் விட்டே அனைத்தும் பருகின.

இதைக் கேட்டோர் இல்லத்தில் நீரும் நிழலும் குறையாதிருக்க அவன் அருள்வானாக.