தறி நின்றால் அழுகிறான்

"எட்டு விசைத்தறி தடதடக்குது, இது அசையாமத் தூங்குது. செவிடேதான்! கரண்ட் போனா மட்டும் கத்தும், துரைக்கு ஃபேன் வேணுமாம்" என்று சிரிசில்லா ஊர் முழுக்கத் தமுக்கடித்திருந்தாள் சுவர்ணாவின் மாமியார்.

பிறந்தபோது மூச்சடைத்து மூளை பாதிக்கப்பட்ட பிள்ளையைச் சுவர்ணா காது சோதனைக்குத் தூக்கி வந்தாள். மாமியாரும் ஒட்டிக்கொண்டாள். பிள்ளை தூங்கினால்தான் சோதிக்க முடியும். சத்தமே புகாத ஏசி அறையில் அவனோ வீறிட்டான்.

சுவர்ணா புருஷனுக்குப் போன் போட்டாள். "போனைத் தறிகிட்ட வைய்யா!"

தடதடவென்று கேட்டதும் பிள்ளை கண்ணை மூடினான்.

"இந்த இரைச்சல்ல டெஸ்ட் எடுக்க முடியாதும்மா." சோதிக்கும் பெண் சத்தத்தை நிறுத்தினாள். வீறிட்டான். வைத்தாள், தூங்கினான். நிறுத்தினாள், வீறிட்டான்.

சுவர்ணா திரும்பினாள். "ஃபேனுக்கு அழலை அத்தம்மா. செவிட்டுப் பிள்ளைக்குத் தறி நின்னது எப்படித் தெரியும்?"

மாமியாருக்கு அப்போது பார்த்துக் காது கேட்கவில்லை.