தேதியில் புதியது

ஓர் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் பேட்ச் என்று ஒரு குட்டி நிரல் இருந்தது. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. கிளிக் செய்தால் ஃபைல்களைத் தேதிவாரியாக நிற்க வைத்து, எது புதியதோ அதைத் திறந்துவிட வேண்டும்.

அன்று காலை முதலாளி சவரிமுத்து கிளிக் செய்தார். பேட்ச் ஓடிப்போய்ப் பார்த்தது. வரிசையில் முதலாவதாக நின்றது பழைய கல்யாணப் பத்திரிகை.

“நீ எப்படி முன்னால வந்தே? முகூர்த்த நேரம் திருத்தின பத்திரிகைதானே இங்கே நிக்கணும்?”

“நேத்து சாயங்காலம் முதலாளி ஒப்பிட்டுப் பார்க்க என்னைத் திறந்தார். மூடும்போது கை பழக்கத்துல சேவ் பண்ணிட்டார். இப்ப என் தேதிதான் புதுசு,” என்றது பழையது, மிடுக்காக.

பின்னாலிருந்து திருத்திய பத்திரிகை கத்தியது: “அண்ணே, நேரத்தை முன்னாடி கொண்டுவந்திருக்காங்க! பழசை அச்சடிச்சா, தாலி கட்டி முடிஞ்சப்புறம்தான் ஜனங்க மண்டபத்துக்கு வருவாங்க. என்னைத் திறங்க!”

பேட்ச் யோசித்தது. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா? கேட்கப்போய், ‘இது சரிப்படாது’ என்று தன்னையே அழித்துவிட்டால்?

“உள்ளே படிச்சுப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை, தம்பி,” என்று முனகியபடி பழையதைத் திறந்துவிட்டது.

சவரிமுத்து படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினார். இயந்திரம் உறுமத் தொடங்கியது. பேட்ச் அவசரமாகத் தன் கறுப்பு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. போகும்போது, தினமும் சொல்வதைத் திரையில் சொல்லிவிட்டுத்தான் போனது:

“பிழை எதுவும் இல்லை.”