பதினெட்டாவது டிராக்

கோடு ஓடியது. பாட்டு வரவில்லை.

இவான் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தினான். மறுபடி தட்டினான். கம்ப்யூட்டர் திரையில் அந்த மெல்லிய கோடு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நாதஸ்வரம், தவில், கோரஸ் என்று மூன்று நாளாகத் தனித்தனி டிராக்கில் பதிந்து வைத்த எதிலும் சத்தம் இல்லை. பத்து நொடி பார்த்தான். அதற்கு மேல் அவனுக்குப் பொறுமை கிடையாது. நிறுத்திவிட்டான்.

"இன்னா தம்பி, நேத்து நல்லாத்தானே பாடிச்சு?" என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெருமாள்.

பாட்டைப் பாடியவரே அவர்தான், விரிஞ்சிபுரத்துக்காரர். கார்த்திகைக் கடைஞாயிறு திருவிழாவுக்குள் கேசட் கடைக்கு வந்துவிட வேண்டும். மூன்று மணி ரயிலில் சி.டி.யைக் கேசட் போடச் சென்னைக்குக் கொண்டுபோக மடியில் மஞ்சள் பையோடு காத்திருந்தார். மணி ஒன்று ஐம்பது.

இவான் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினான். காதைப் போட்டு அழுத்தியது. அவனுக்குப் பெரிய தலை. ஆம்பூரில் எந்தக் கடையிலும் அவனுக்கு ஏற்ற ஹெல்மெட் கிடைத்ததில்லை. எரிச்சலோடு பட்டையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு மாட்டிக்கொண்டான். அதிலும் ஒன்றும் கேட்கவில்லை.

பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். கணீரென்று வந்தது. அப்படியானால் ஸ்பீக்கர் சரி, சவுண்ட் கார்டும் சரி. இந்தப் பாட்டு மட்டும்தான் ஊமை.

சாஃப்ட்வேரை மூடினான். மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டதைப் படிக்காமலேயே ஆம் என்று தட்டினான். கம்ப்யூட்டரை அணைத்து, அது மறுபடி உயிர் பெறும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கோடு ஓடியது. பத்து நொடி. நிறுத்தினான்.

அப்போதுதான் மேசையைக் கவனித்தான். ஒரு பொட்டுத் தூசி இல்லை. நாற்காலி முதுகில் ஈரத்துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

ஜெனிஃபா.

அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் முன், அவன் மனைவி இங்கே வந்திருக்கிறாள். துடைத்திருக்கிறாள். துடைத்ததோடு விட்டாளா?

நேற்றுச் சாப்பிடும்போது சண்டை. "நான் பேசறத ஒருநாளாவது முழுசா கேட்டிருக்கீங்களா? பாதியிலேயே அத எடுத்துக் காதுல மாட்டிக்கறீங்க" என்றாள். அதையும் அவன் முழுசாகக் கேட்கவில்லை. "நாளைக்கு இந்தப் பாட்டு போகலன்னா கம்ப்யூட்டர வித்துட்டு, திங்கக்கிழம உன் கம்பெனிக்கே வேலைக்கு வந்துடறேன், போதுமா?" என்று கத்திவிட்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். போதும் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டான். இரண்டு வருடமாக அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

இப்போது வேலையைக் காட்டிவிட்டாள் என்று பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்குப் போன் போட ரிசீவரைக் கையில் எடுத்தான். கோபம் பாதிதான், மீதி பயம். இந்த அறையும் இல்லையென்றால் தான் எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டான்.

"ஒயரு எங்கியாச்சும் லூஸா இருக்கும், பாருங்க தம்பி."

கடைசியாக அதையும் பார்த்துவிடலாம் என்று பாட்டைத் தட்டிவிட்டு, மேசைக்கு அடியில் தவழ்ந்து போனான். தலை இடித்தது. ஸ்பீக்கர் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினான். இந்த முறை பத்து நொடியில் நிறுத்த மேலே யாரும் இல்லை. கோடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முக்கால் நிமிடம் போயிருக்கும். ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை. ஒற்றைக் குரல், கொஞ்சம் கூச்சத்தோடு சுதியைத் தேடிப் பிடித்து, விரிஞ்சிபுரத்துச் சாமியை வழித்துணைக்கு அழைத்தது.

"தம்பி! இது உங்க கொரலாச்சே!"

அவனுடையதுதான். முன்னிசை முடிந்ததும் எங்கே எடுப்பது என்று பெருமாளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே பாடட்டும் என்று இவானே ஒருமுறை முழுப்பாட்டையும் பாடிப் பதிந்திருந்தான். ஞாயிறு ஆராதனையில்கூட வெறுமனே உதட்டை அசைப்பவன் அவன். பதினெட்டாவது டிராக், எல்லாவற்றுக்கும் அடியில், திரைக்குள் வராத இடத்தில் கிடந்தது. வேலை முடிந்ததும் 'எம்' பொத்தானைத் தட்டி அதன் வாயை அடைத்தவனும் அவன்தான்.

எழுந்து வந்து திரையைக் கீழே இறக்கினான். 'எம்' அணைந்திருந்தது. பக்கத்தில் 'எஸ்' மஞ்சளாக எரிந்தது. மற்ற எல்லாவற்றையும் ஊமையாக்கி, அந்த ஒன்றை மட்டும் பேசவிடும் பொத்தான்.

துணி பட்டு மவுஸ் அழுந்தித் திரையில் ஒரு பொத்தான் மாறலாம். ஒன்றை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதை ஏற்றத் துணிக்குத் தெரியாது.

நிறுத்தப் போன கையை இழுத்துக்கொண்டான். பாட்டு நாலரை நிமிடம். பெருமாள் மூன்று தடவை மணி பார்த்தார். இவான் கடைசி வரி வரைக்கும் கேட்டான்.

பிறகு 'எஸ்'ஸை அணைத்து 'எம்'மைத் தட்டினான். நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாகப் பீறிட்டு வந்ததில் பெருமாள் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். இரண்டு முப்பத்தைந்துக்கு சி.டி.யை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அறை அமைதியானது. ஒதுக்கி வைக்கலாம் என்று இவான் ஹெட்ஃபோனை எடுத்தான். அவன் இழுத்துவிட்ட பட்டை நீண்டு கிடந்தது. சற்று முன்பு அது ஏன் காதை அப்படி அழுத்தியது என்று இப்போதுதான் யோசித்தான்.

ஜெனிஃபாவுக்குச் சின்னத் தலை.

பட்டையை இரண்டு பக்கமும் மெதுவாக உள்ளே தள்ளி, அவள் வைத்திருந்த அளவுக்கே கொண்டுவந்தான். திரையைக் கீழே இறக்கி 'எம்'மை அணைத்தான், 'எஸ்'ஸை ஏற்றினான். ஹெட்ஃபோனை மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

கம்பெனி பஸ் வர இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அவன் அங்கேயே நின்றான்.